கேள்வி–பதில்: கடல் துரத்தியது என்று சொன்ன சிப்பாய்

கேள்வி: சென்ற இதழில், இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நோர்மண்டிக் கடற்கரையில் தரையிறங்கிக் காயப்பட்ட ஓர் அமெரிக்கச் சிப்பாயின் நினைவுகளை நாலு பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். எண்பது வருடத்துக்கு முந்தின சண்டை, யாரோ யாரோடோ பிடித்தது. அந்த மனிதருக்கே பாதி ஞாபகமில்லை. பகல் முழுக்க என்ன நடந்தது என்று தெரியாது என்கிறார். "கடல் என்னைத் துரத்திக்கொண்டு வந்தது" என்கிறார். "ஒரு டாங்கியும் வரவில்லை" என்கிறார். இது வரலாறா, காய்ச்சல் பிதற்றலா? எங்கள் மாமா ஒருவரும் இங்கத்தைய சண்டையில் காயப்பட்டவர்தான். அவரும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்வார். வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை. வரலாறு படிக்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன்: ஆதாரமில்லாத கதைக்கு ஏன் இத்தனை பக்கம்?
– ஒரு மாணவன், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: தம்பி, நீங்கள் பிதற்றல் என்று தள்ளிவைத்த அந்தக் கடல் வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கட்டுரையில் ஆதாரம் மிகக் கூடிய வரி அதுதான்.

கல்லடியில் வளர்ந்தவருக்கு அது விளங்காமல் போவது இயல்பு. எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை. காலையில் தோணி இழுத்துவிட்ட இடத்துக்குக் கீழேதான் பின்னேரமும் அலை அடிக்கும். நோர்மண்டியில் கடல் ஆறு மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். வற்றுநேரத்தில் அவர் இறங்கிய ஒமாஹா கடற்கரை சுமார் 300 யார் அகலமான வெறும் மணல். பெருக்கு முட்டினால் மேலேயுள்ள கூழாங்கல் திட்டுக்குக் கீழே சில யார் மணல்தான் மிஞ்சும். அந்த மணல்வெளி முழுக்க ஜேர்மன் படை இரும்புச் சட்டங்களையும் கண்ணிவெடி கட்டிய மரக்குற்றிகளையும் நட்டிருந்தது. பெருக்கில் வரும் படகின் அடியைக் கிழிப்பதற்கு. அவை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நேசநாடுகள் வற்றுநேரத்தைத் தெரிந்தெடுத்தன: 1944 யூன் 6, காலை 6.30. கடல் அப்போதுதான் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது.

இனி அந்தச் சிப்பாயைப் பாருங்கள். படகின் முன்கதவு விழுகிறது, நெஞ்சளவு தண்ணீரில் இறங்குகிறார். துவக்கில் தண்ணீர் படாமல் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் உறையைப் பல்லால் கிழித்ததாக எழுதுகிறார். விரல்கள் விறைத்துப் போயிருந்தனவாம். மணலில் கால் வைத்துச் சில யார் போவதற்குள் தொடையில் சன்னம் பாய்கிறது. விழுகிறார். முழங்கையால் இழுத்து இழுத்து ஒரு மரக்குற்றிவரை போய் மூச்சு விடுகிறார். சப்பாத்தில் தண்ணீர் தட்டுகிறது. மறுபடி இழுக்கிறார். மறுபடி தட்டுகிறது. அன்று நகர முடியாமல் கிடந்த காயக்காரர் பலர் விழுந்த இடத்திலேயே ஏறிவந்த கடலில் மூழ்கிப் போனார்கள். இது சண்டையின் பதிவுகளில் உள்ள செய்தி. முன்னால் துவக்குச்சூடு, பின்னால் பெருக்கு. அந்த இடத்தில் கிடந்த ஒருவர் "கடல் என்னைத் துரத்தியது" என்று சொன்னால் அதைவிடச் சரியாக எந்தத் தளபதியும் எழுதியிருக்க முடியாது.

பகல் முழுக்க ஞாபகமில்லை என்பதற்கும் விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். சட்டைக் கொலரில் சின்னதாக ஏதோ குத்தியிருந்தது, பிடுங்கப் போனேன், மருந்து கட்டியவன் கையைத் தட்டிவிட்டான் என்று ஒரு வசனம் வருகிறது. மோர்ஃபின் ஏற்றிய பிறகு வெறுமையான அந்தச் சிறு குழாய் ஊசியைக் கொலரிலேயே குத்திவிடுவது அமெரிக்க மருத்துவ உதவியாளர்களின் வழக்கம். அடுத்து வருகிறவர் தெரியாமல் இன்னொன்றை ஏற்றி ஆளைக் கொன்றுவிடக் கூடாதே. மோர்ஃபின் ஏறிய மனிதருக்குப் பின்னேரம் எப்படி ஞாபகமிருக்கும்? தனக்குத் தெரியாத மணித்தியாலங்களைத் தெரியாது என்றே விட்டிருக்கிறார். ஊகத்தால் நிரப்பி எழுதியிருந்தால் நான் அந்தக் கட்டுரையைப் போட்டிருக்கவே மாட்டேன்.

டாங்கி விசயத்தில் அவர் சொல்வது பிழை. அவர் இறங்கியது ஒமாஹாவின் கிழக்குப் பாதியில், 1ஆம் காலாட்படைப் பிரிவின் 16ஆவது ரெஜிமென்ற்றோடு. அந்தப் பக்கத்துக்கு கன்வஸ் மறைப்புக் கட்டி நீந்திவரும்படி செய்த டாங்கிகள் 32 ஒதுக்கப்பட்டிருந்தன. கரைக்கு மிகத் தொலைவில், கொந்தளித்த கடலில், 29 டாங்கிகளை இறக்கிவிட்டார்கள். 27 மூழ்கின. இரண்டு நீந்திக் கரை சேர்ந்தன. மிச்சம் மூன்றைப் படகே கரைவரை கொண்டுபோய் இறக்கியது. வேறு படகுகளில் ஏற்றிய டாங்கிகள் சிலவும் வந்தன. ஆகவே "ஒன்றும் வரவில்லை" என்பது நடந்ததற்கு மாறு. ஆனால் முகத்தை மணலில் புதைத்துக் கிடந்தவர் கண்ட தூரம் எவ்வளவு, கூப்பிட்ட உதவி எவ்வளவு வந்தது என்பதை அந்தப் பிழையே சொல்கிறது. டாங்கிப் படையின் பதிவேட்டையும் அவருடைய வாய்ச்சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் வரலாறு படிக்கிறவரின் வேலை. ஒன்றைக் கையிலெடுத்து மற்றதைக் குப்பையில் போடுவது சோம்பல்.

ஆதாரம் என்று கேட்டீர்கள். முதல் மணித்தியாலங்களில் அந்தக் கரையில் ஆதாரம் எழுதிக்கொண்டிருக்க யார் இருந்தார்கள் என்று யோசித்தீர்களா? வானொலிக் கருவிகளில் பல தண்ணீரில் போய்விட்டன. கட்டளையிட வேண்டிய அதிகாரிகள் பலர் இறங்கிய இடத்திலேயே செத்தார்கள். அமெரிக்க இராணுவம் இதை அறிந்திருந்தது. ஃபொரெஸ்ற் போக் என்ற சார்ஜன்ற், வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், ஒமாஹாவுக்கு அப்பால் நின்ற ஒரு தரையிறங்கு கப்பலில், கரையிலிருந்து தூக்கிவரப்பட்ட காயக்காரர்களின் பக்கத்தில் இருந்து அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதினார். இங்கிலாந்துக்கு ஏற்றிப் போனால் ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குச் சிதறிவிடுவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டும். பிற்காலத்தில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹவருடைய தலைமையகத்தின் உத்தியோகபூர்வ வரலாற்றை எழுதியவரும் இதே போக்தான். காயக்காரரின் கதையை அவர் பிதற்றல் என்று நினைக்கவில்லை.

அடுத்து, "யாரோ யாரோடோ பிடித்த சண்டை". இந்த வசனம் உங்கள் கையெழுத்தில், அதுவும் கல்லடியிலிருந்து வந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. ஹேர்மிஸில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் 500க்கு மேற்பட்டோரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அந்தக் கப்பல் உங்கள் கடலில் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து சுழியோடிகள் வருகிறார்கள். அந்த வருடம் பர்மா அரிசி நின்றுபோனதில் கூப்பன் வந்ததும், வரிசையில் நின்றதும் எங்கள் பாட்டன் பாட்டிமார். அன்று கரையில் நின்று புகையைப் பார்த்த ஒருவரின் பேச்சை எழுதி இந்தப் பக்கத்துக்கு அனுப்பியவர் இதுவரை ஒருவருமில்லை. இனி அனுப்ப அநேகமாக ஆளும் இல்லை.

உங்கள் மாமா இருக்கிறார். கேள்வியில் எனக்கு முக்கியமாகப்பட்டது அவர்தான்.

எங்கள் போரிலும் கடற்கரைத் தரையிறக்கங்கள் நடந்தன. ஆனையிறவு முகாமை மீட்க 1991 யூலையில் இராணுவம் வெற்றிலைக்கேணியில் இறங்கியது. 2000 மார்ச்சில் புலிகள் குடாரப்பில் இறங்கினார்கள். அந்தக் காலத்து வடபகுதிச் சண்டைகளுக்கு மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்பது ஊருக்கு ஊர் தெரியும். காலில்லாமல், கண்ணில்லாமல், உடம்புக்குள் ஷெல் துண்டோடு திரும்பியவர்கள் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் இருக்கிறார்கள். வயது ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. 2004 ஏப்ரலில் புலிகள் இரண்டாகப் பிரிந்து, வெருகலில் ஒரே இயக்கத்தவர் ஒருவரையொருவர் சுட்ட பிறகு, யாரோடு நின்று காயப்பட்டேன் என்று வாய் திறப்பதே சிலருக்குப் பாரமாகிவிட்டது.

இவர்கள் தங்கள் காயத்தின் கதையை யார் யாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். சோதனைச்சாவடியில் சேட்டைக் கழற்றச் சொல்லித் தழும்பைத் தடவிக் கேட்டவனுக்கு ஒரு கதை. ஆஸ்பத்திரிக்கு ஒரு கதை. தொண்டு நிறுவனத்தின் படிவத்துக்கு ஒன்று, பெண் கேட்டுப் போன வீட்டுக்கு வேறொன்று. உயிர் தப்புவதற்காக மாற்றி மாற்றிச் சொல்லப் பழகிய மனிதரைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார் என்று குற்றம் பிடிக்கிறீர்கள். வீட்டிலும் கேட்பதை நிறுத்தினால், மாற்றாமல் சொல்ல அவருக்கு எந்த இடம் மிச்சமிருக்கிறது?

போய்க் கேளுங்கள். மற்றவர்கள் இல்லாத நேரத்தில், அவர் கதைக்க விரும்பும் நாளில். யார் சரி, யார் பிழை, ஏன் தோற்றது என்று தொடங்காதீர்கள். அதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும், அது மேடையில் கேட்டதாகவும் இருக்கலாம். கையில் என்ன வைத்திருந்தார், பக்கத்தில் யார் கிடந்தது, யார் தூக்கியது, எதில் ஏற்றினார்கள், முதல் குடித்தது தண்ணியா தேத்தண்ணியா என்று கேளுங்கள். நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். இன்னொரு நாள் திரும்பக் கேட்கும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறாமல் நிற்பது பெரும்பாலும் அவர் கண்ணால் கண்டதாக இருக்கும். மாறுவது பிறகு கேட்டதாகவோ, மறைக்க வேண்டியிருந்ததாகவோ இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். மற்றவர்களின் பெயர்களை அவர் சொன்னாலும் கொப்பியில் முழுதாக எழுதாதீர்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் வெட்டச் சொன்ன இடத்தை வெட்டுங்கள்.

திகதி கேட்டு மட்டும் அவரை வதைக்க வேண்டாம். பழைய கிளினிக் கொப்பியோ எக்ஸ்ரே உறையோ வீட்டில் எங்காவது இருந்தால், திகதியை அதில் பாருங்கள்.