‘ஹேவ்’ எங்கே, ‘ஹேவிங்’ எங்கே?

கொள்ளுப்பிட்டியில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரியும் வாசகி ஒருவர், வேலை நேரத்தை மாற்றித் தருமாறு தாம் எழுதிய மின்னஞ்சலில் ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்ற வாக்கியத்தைத் திருத்திய முகாமையாளர், ‘ஐ ஆம் ஹேவிங் எ மீட்டிங் அட் த்ரீ’ என்பதை அப்படியே விட்டுவிட்டது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

முகாமையாளர் செய்தது சரியே. உடைமை, உறவு, நோய் போன்ற நிலைகளைக் குறிக்கும்போது ‘ஹேவ்’ என்ற வினைச்சொல் பொதுவாக ‘இங்’ விகுதியை ஏற்பதில்லை. ‘ஐ ஹேவ் டூ சில்ட்ரன்’, ‘ஷீ ஹேஸ் எ ஃபீவர்’ என்றே எழுத வேண்டும். உண்பது, சந்திப்பது, உரையாடுவது போன்ற செயல்களுக்கு அந்தத் தடை இல்லை என்பதால், ‘தே ஆர் ஹேவிங் லஞ்ச்’ என்பது நல்ல ஆங்கிலம்.

தமிழில் உடைமைக்கென்று இப்படியொரு வினை வழக்கில் இல்லை. நான்காம் வேற்றுமையைக் கொண்டு ‘எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்கிறோம். ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதிலும் அதே ‘இரு’ ஒட்டிக்கொண்டிருப்பதுதான் நம்மவரைக் குழப்புகிறது என்பது என் கணிப்பு. சிங்களத்திலும் உடைமையைச் சொல்லும் முறை ஏறத்தாழ இதுவே என்பதால், கொழும்பு அலுவலகங்களில் ‘ஐ ஆம் ஹேவிங்’ காதில் விழாத நாள் அரிது. பேச்சில் எவரும் அதைப் பொருட்படுத்துவதுமில்லை.

எழுத்தில் அப்படி விட முடியாது. ‘ஷீ இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவர் குழந்தையை எதிர்பார்த்திருக்கிறார் என்று பொருள். ஆகவே வாசகியின் வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலேயர், அவருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கவிருப்பதாகக்கூட எண்ணக்கூடும்.

ஐயம் வரும்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று தொடங்கினால் ‘ஹேவ்’ போதும். ‘நான்’ என்று தொடங்கிக் ‘கொண்டிருக்கிறேன்’ என்று முடிந்தால் ‘ஹேவிங்’ பொருந்தும். மூன்று மணிக் கூட்டம் ஏற்கெனவே திட்டமிட்ட நிகழ்வு என்பதால் ‘ஐ ஹேவ் எ மீட்டிங்’ என்றும் எழுதலாம், ‘ஹேவிங்’ என்றும் எழுதலாம். விடாமல் தொல்லை தரும் அச்சு இயந்திரத்தைப் பற்றி ‘வீ ஆர் ஹேவிங் ப்ராப்ளம்ஸ்’ என்று முறையிடுவதும் சரியே. அங்கே இந்தச் சோதனை உதவாது.

பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து அழைத்துவர வேண்டியிருப்பதை அதே மின்னஞ்சலில் சேர்ப்பதானால், அது அன்றாடக் கடமை என்பதால், ‘ஐ ஹேவ் டு பிக் தெம் அப்’ என்று எழுதுங்கள். அங்கும் ‘ஹேவிங்’ வேண்டாம்.