முதலாளி சொல்வதும் பதிவேடு சொல்வதும்

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் 16 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது தனியாக ஆலோசனைப் பணியைத் தொடங்கியிருக்கிறேன். பீன்யா தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்கூடத்தின் உரிமையாளர், "ஆட்கள் நிற்பதில்லை, சரிசெய்து கொடுங்கள்" என்று அழைத்திருக்கிறார். தொடங்கும் முன் என்னென்ன விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும்? அதிகம் கேட்டால் வாய்ப்பு கைநழுவிப் போகுமோ என்று அச்சமாக இருக்கிறது.
– வாசகி, ராஜாஜிநகர், பெங்களூரு

பதில்: அச்சம் வேண்டாம். விவரம் கேட்டதற்காகவே விலகிப்போகும் வாடிக்கையாளர், பின்னால் உங்கள் பரிந்துரைகளையும் நடைமுறைப்படுத்தப் போவதில்லை.

முதலில், மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். முதலாளி ஓர் எண்ணைச் சொல்வார், வருகைப் பதிவேட்டில் வேறோர் எண் இருக்கும், பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) கட்டிய சலானில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கும். இந்த வித்தியாசத்தில்தான் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்களும், இன்னும் கணக்கில் சேர்க்கப்படாத புதியவர்களும் இருப்பார்கள். 10 பேர் இருந்தாலே தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் கட்டாயமாகின்றன. 20 பேரானால் பி.எஃப். வந்துவிடுகிறது. ஆகவே கடந்த 12 மாதச் சலான்களையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், படிகள் (அலவன்ஸ்) மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதியை ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிடச் சொல்வதால், அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளை உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, விலகியவர்களின் பட்டியல். இதில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். பல ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு தொழிற்கூடத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட ராஜினாமாக் கடிதங்கள் அனைத்திலும் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்ற ஒரே வரிதான் இருந்தது. அலுவலகமே தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கிய கடிதங்கள் அவை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பிரிவு, ஷிப்ட் ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பெரும்பாலோர் இரண்டாவது ஷிப்டைச் சேர்ந்தவர்கள். மூன்று மாதத்துக்குள் போனவர்கள். அந்த ஷிப்ட் முடியும் இரவு நேரத்தில் வீடு திரும்பப் பஸ் கிடையாது என்பதைக் காவலாளிதான் சொன்னார். முதலாளியோ, சம்பளத்தை உயர்த்துவது பற்றி ஆலோசனை கேட்டுத்தான் என்னை அழைத்திருந்தார்.

அதனால் ஒரு நாளாவது ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் என்று தருமபுரி, கிருஷ்ணகிரித் தொழிலாளர்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வடகர்நாடகத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களிடமும் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசுங்கள், இல்லாவிட்டால் உங்களை ஒரு தரப்பின் ஆளாகவே பார்ப்பார்கள்.

விடுப்பு கொடுப்பது யார், ஆளை நிறுத்துவது யார் என்பதையும் கேளுங்கள். சிறிய தொழிற்கூடங்களில் பெரும்பாலும் அது கணக்காளராகவோ சூப்பர்வைசராகவோ இருக்கும். அவர் இல்லாமல் பேசி முடிவெடுத்தால் அந்த முடிவு தாளோடு நின்றுவிடும்.

பட்டியல்களை வாங்கும்போது ஆதார் எண், வங்கிக் கணக்கு, மருத்துவ விவரங்களை நீக்கிவிட்டு, பெயருக்குப் பதில் பணியாளர் எண்ணோடு தரச் சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. அது இல்லாவிட்டாலும், உங்களை நேரில் பார்த்திராத ஒரு தொழிலாளியின் விவரங்கள் உங்கள் மடிக்கணினியில் கிடப்பது முறையல்ல.

கட்டணத்தை இவையெல்லாம் கைக்கு வந்த பிறகே சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஆய்வுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு தொகை பேசிக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்ததும், எதைச் செய்வீர்கள், எது உங்கள் பொறுப்பில் வராது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.