விமானிகளுக்குக் கைப்பழக்கம் குறைகிறதா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போகவுள்ளேன். விமானம் தானாகவே ஓடுவதால் விமானிகளுக்குக் கையால் ஓட்டும் பழக்கம் விட்டுப்போகிறதாமே?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அந்தக் கவலையில் நியாயம் உண்டு, ஐயா. நீண்ட பயணத்தில்கூட எழும்பும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள்தான் கையால் ஓட்டுகிறார்கள். மீதி, விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியான ஓட்டோபைலட்டின் வேலை.

அது திடீரென விலகும்போதுதான் சிக்கல். 2009 யூன் 1 இல் றியோவிலிருந்து பாரிஸ் சென்ற எயார் பிரான்ஸ் 447 இல், வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது, ஓட்டோபைலட் விலகியது. மூக்கை அந்த உயரத்துக்குரிய சில பாகையில் நிறுத்தி, இயந்திர விசையை விமானக் கையேட்டின் அட்டவணைப்படி வைத்திருந்தால் போதும்; வேக அளவீடு ஒரு நிமிடமளவில் சீராகியிருந்தது. ஆனால் துணை விமானி மூக்கை மேலே இழுத்தார். விமானம் 35,000 அடியிலிருந்து 38,000 வரை ஏறி, வேகம் இழந்தது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுமீறியதால் தூக்குவிசை குலைந்தது. எச்சரிக்கை ஒலித்தும் மூக்கைத் தாழ்த்தவில்லை. ஓட்டோபைலட் விலகி நாலரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது; 228 பேரும் இறந்தனர்.

2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், வாய்ப்புள்ள வேளைகளில் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்கும்படி விமான நிறுவனங்களைக் கேட்டது. தரையிலுள்ள மாதிரி விமானி அறையான சிமுலேட்டரில் பயிற்சி அவசியம். அது மட்டும் போதாது என்பதே எமது கருத்து. வானம் தெளிந்து, நெரிசலும் குறைந்த நாளில் ஓட்டோபைலட்டையும் இயந்திர விசையைத் தானாகச் சரிசெய்யும் கருவியையும் நிறுத்தி இறங்கிப் பழக வேண்டும். அப்போது மற்ற விமானி வேகத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் தானியங்கிகளால் விபத்துகள் குறைந்ததும் உண்மை. நீங்கள் தயங்காமல் பயணச்சீட்டு எடுக்கலாம்.