வித்துடாதீங்க சகோ, மெஷின் மேல தப்பில்ல

வேலூர் சத்துவாச்சாரியில வாடகை வீடு, போர் தண்ணி, புது ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின். வெள்ளைச் சட்டை மங்குது, துண்டு அப்பளமா விறைக்குது, "கையால துவைச்சாதான் வெளுக்கும்"னு மாமியார் சொல்றாங்க, மெஷினை வித்துடலாமான்னு கேட்டிருக்கீங்க.

வேணாம். பிரச்சினை தண்ணியில இருக்கு. போர் தண்ணி உப்பா இருந்தா அதுல கால்சியம், மெக்னீசியம் ஜாஸ்தி. சோப்பு அதோட சேர்ந்தா நுரை வராது, பிசுக்குப் படிவம்தான் வரும். அது நூல்ல ஒட்டிக்கிட்டா வெள்ளை வெள்ளையா இருக்காது. கல்லுல கும்மி, பக்கெட் பக்கெட்டா தண்ணி விட்டு அலசினா ஓரளவு போயிடும். ஃப்ரண்ட் லோட் கொஞ்சம் தண்ணியிலயே அலசி முடிச்சிடுது. அதனால மாமியார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. (காலர் நைஞ்சு போறது அந்தக் கல்லாலதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.)

டிரம்மை முக்காலுக்கு மேல திணிக்காதீங்க. ஃப்ரண்ட் லோடுக்கான லிக்விட் வாங்குங்க. பாக்கெட்ல உப்புத் தண்ணிக்குத் தனி அளவு போட்டிருந்தா அதையே ஊத்துங்க. எக்ஸ்ட்ரா ரின்ஸ் கட்டாயம். வெள்ளைக் காட்டனை மட்டும் 60 டிகிரியில ஓட்டலாம். ஆனா சூடு ஏற ஏற ஹீட்டர்ல உப்பு படியும், அதனால அப்பப்போ அந்தப் படிவைக் கரைக்கிற டீஸ்கேல் பவுடர் போட்டு காலி டிரம்மை ஓட்டிடுங்க.

உங்க தெருவுல காவிரித் தண்ணி வருதா? வந்தா, அதுல போர் தண்ணியை விட உப்பு கம்மி, அதனால அன்னிக்கு ஆபீஸ் சட்டையை மட்டும் கையில துவைச்சுடுங்க. காலரை ஈரமாக்கி, லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சாப் போதும். பெட்ஷீட், ஜீன்ஸ் எல்லாம் மெஷினுக்கே.

இப்ப என்ன பவுடர் போடுறீங்க?