லிஸ்பனில் தலைகீழான பெயர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பாம்பன்காரன். சரக்குக் கப்பலில் வேலை. போன மாதம் லிஸ்பனில் கப்பல் நின்றபோது ஊர் பார்க்க இறங்கினேன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த அதிகாரி சிரித்துவிட்டார். "உங்கள் ஊரில் பெயரைத் தலைகீழாகத்தான் எழுதுவார்களா?" என்றார். என் பெயர் பிரிட்டோ, குடும்பப் பெயர் பர்னாந்து. அவர் ஊரில் பிரிட்டோதான் குடும்பப் பெயராம், பெர்னாந்தோ ஆளின் பெயராம். அன்று ராத்திரி கேபினில் படுத்துக்கொண்டு பர்னாந்து என்ற பெயருள்ள பிரபலங்களைப் போனில் தேடினேன். பாதிப் பேர் இலங்கை கிரிக்கெட்காரர்கள். இவர்களெல்லாம் நமக்குச் சொந்தமா? அந்த அதிகாரி சொன்னது சரியா? பங்குனியில் எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். அவள் பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

பிரிட்டோ பர்னாந்து

அன்புள்ள பிரிட்டோ,

அந்த அதிகாரி அவர் ஊர்க் கணக்கில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பெர்னாந்தோ அங்கே நம் முருகேசன், அந்தோணி மாதிரி ஆளின் பெயர். லிஸ்பனில் பிறந்த கவிஞர் பெர்னாந்தோ பெசோவாவுக்குப் பெசோவாதான் குடும்பப் பெயர். பெர்னாந்தோவைக் குடும்பப் பெயராக்க வேண்டுமென்றால் வாலில் ஒரு 'எஸ்' சேர்த்துப் பெர்னாந்தஸ் என்பார்கள். பெர்னாந்தோவின் மகன் என்று பொருள். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். அந்த 'எஸ்' நம் கரைக்கு வந்ததும் பல வீடுகளில் உதிர்ந்துவிட்டது. நமக்குப் பர்னாந்து, ரொட்ரிகோ என்றே நின்றுவிட்டது.

ஏன் உதிர்ந்தது என்பதற்கு என்னிடம் இருப்பது ஓர் ஊகம்தான். 1530களில் நம் முத்துக்குளிக்கும் கரையின் (முத்துக்குளித்துறை) மீனவர்களான பரதவர்கள் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றபோது, ஞானத்தந்தையாக நின்ற போர்ச்சுக்கீசியர்களின் பெயர்கள் இவர்களுக்கு வந்தன என்பார்கள். தமிழனுக்கு அப்பா பெயரை அப்படியே பக்கத்தில் வைத்துத்தான் பழக்கம். கருப்பன் மகன் ராமன் என்றால் 'க. ராமன்', அவ்வளவுதான். கருப்பனின் வாலில் எதையும் ஒட்ட மாட்டோம். ஞானத்தந்தை பெர்னாந்தோவையும் அதே மாதிரி எடுத்து வைத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

உங்கள் பெயரின் முதல் பாதிக்கு ஊகம் தேவையில்லை. அருளானந்தர் என்று நாம் சொல்லும் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ 1647இல் பிறந்தது லிஸ்பனில். ஆமாம், உங்களைப் பார்த்துச் சிரித்த அதே ஊரில்தான். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில், 1693 பிப்ரவரி 4 அன்று, ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். அந்த மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்ற நம்பிக்கையில் இன்றும் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம். அதற்கப்புறம் நம் மாவட்டத்தில் பிறந்த பிரிட்டோக்களுக்குக் கணக்கில்லை. என் வகுப்பிலேயே மூன்று பேர். வாத்தியார் 'பிரிட்டோ' என்று கூப்பிட்டால் மூவரும் எழுந்து நிற்பார்கள், அடி மட்டும் எப்போதும் ஒருவனுக்கு விழும். ஒரு லிஸ்பன் வீட்டின் குடும்பப் பெயர் இப்படித்தான் பாம்பனில் பிள்ளை பெயரானது. தூத்துக்குடியின் நகராட்சித் தலைவராக இருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துவைப் பாருங்கள். குரூஸ் அங்கே குடும்பப் பெயர், இங்கே ஆளின் பெயர். அவரையும் அந்த அதிகாரி தலைகீழ் என்றுதான் சொல்லியிருப்பார்.

சவேரியார், அதாவது புனித பிரான்சிஸ் சேவியர், கதை இன்னும் வேடிக்கை. 1542இல் நம் கரைக்கு வந்த அவருடைய 'சேவியர்' முதலில் ஒரு கோட்டையின் பெயர். ஸ்பெயினின் நவார் பகுதியில் அவர் பிறந்த கோட்டை அது. பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரில் 'புதுவீட்டுக்காரர்' என்று பட்டப்பெயர் வைப்போமே, அதேதான். கோட்டை குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் புனிதரின் பெயராகி, தங்கச்சிமடத்துக்கு வருவதற்குள் சவரிமுத்து ஆகிவிட்டது. அமெரிக்காவுக்குப் போனது 1963இல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் மனசைப் படிக்கும் பேராசிரியர் சார்லஸ் சேவியர் ஆனது. எக்ஸ்-மென் சித்திரக்கதையின் பேராசிரியர் அவர். சவரிமுத்துவும் அவரும் ஒரே பட்டியலில் வருவார்கள். சொந்தமா என்று கேட்டால் என்ன சொல்வது?

கப்பலில் சினிமா பார்ப்பீர்கள்தானே. 2012இல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படம் 'ஸ்கைஃபால்' கிடைத்தால் பாருங்கள். வில்லன் பெயர் சில்வா. அவனுடைய நிஜப்பெயர் ரொட்ரிகஸ் என்று நடுவில் சொல்வார்கள். நடித்தவர் ஹவியர் பார்டெம். ஹவியர் என்றால் சேவியர். ஒரே ஆளுக்குள் நம் கோயில் பதிவேட்டில் பாதி இருக்கிறது! அவனும் உங்களுக்குச் சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். சில்வா என்றால் காடு. பெரேரா பேரிக்காய் மரம். மச்சாது கோடாரி. பெரிய பிரேசில் நாவலாசிரியர் மச்சாது டி அசிஸும் கோடாரிதான், 2025இல் அமைதிக்கான நோபல் வாங்கிய வெனிசுவேலாவின் மரியா கொரினா மச்சாதுவும் கோடாரிதான். கடலைத் தவிர வேறு தெரியாத நம் ஆட்களுக்குக் காடும் கோடாரியும் பெயராக வந்து சேர்ந்திருக்கிறது. கோஸ்டா ஒன்றுதான் பொருத்தம். கடற்கரை என்று அர்த்தம்.

சரி, கிரிக்கெட்டுக்கு வருகிறேன். இலங்கையில் பர்னாந்து மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. டில்ஹார, விஷ்வ, அசித, அவிஷ்க, பினுர என்று அணிக்குள்ளேயே ஒரு தெரு இருக்கிறது. இவர்களில் எனக்குப் பிடித்தவர் விஷ்வ. 2019 பிப்ரவரி, டர்பன் டெஸ்ட். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 304 எடுக்க வேண்டும். 226க்கு ஒன்பது விக்கெட் போயிற்று. கடைசி ஆளாக விஷ்வ பர்னாந்து வருகிறார், எதிரில் குசல் பெரேரா. இன்னும் 78 ரன். வீட்டில் எல்லோரும் டிவியை அணைக்கச் சொன்னார்கள், நான் அணைக்கவில்லை. பெரேரா அடித்துக்கொண்டே இருந்தார், இவர் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பந்து உடம்பில் பட்டது, ரன் அவுட் தப்பியது, எல்லாம் நடந்தது. ஜெயித்து முடித்தபோது பெரேரா 153, பர்னாந்து 6. அந்த ஆறு ரன்னைப் போல மதிப்பான ஆறு ரன்னை நான் பார்த்ததில்லை.

அவருடைய முழுப்பெயரைக் கேளுங்கள்: முத்துதந்திரிகே விஷ்வ திலின பர்னாந்து. அந்த 'கே' சிங்களத்தில் 'வீட்டைச் சேர்ந்தவர்' என்ற பொருளில் வரும். சொந்தம் எது என்று அவர்கள் ஊரில் முன்னால் இருக்கும் அந்தப் பெயரை வைத்துத்தான் பார்ப்பார்கள். நமக்கு முழுசாகத் தெரியும் பர்னாந்து அவர்களுக்கு வெளிச்சட்டை மாதிரி. மன்னார், சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் நம் கரையிலிருந்து போய்க் கலந்த குடும்பங்கள் உண்டு. 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களும் உண்டு. அதனால் எங்கோ ஒரு பர்னாந்து உங்களுக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆனால் பெயரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எப்படித்தான் கண்டுபிடிப்பது? சில வருஷம் முன்னால் தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து மொய் எழுதுகிற மேசைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். எழுதியவர் வயசானவர், கண்ணாடிக் காலில் நூல் கட்டியிருந்தார். நீள நோட்டு, பக்கத்தில் எவர்சில்வர் தாம்பாளம். ஒரு பையன் ஐந்நூறு ரூபாயை நீட்டி, "அந்தோணி பர்னாந்து" என்றான். பெரியவர் தலையே நிமிரவில்லை.

"எந்த அந்தோணி? சூடையா, பீப்பாயா?"

"சூடை வீடு மாமா."

நோட்டை எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் மட்டும் அந்தோணி பர்னாந்து நான்கு பேர். ஒருவருக்குப் பக்கத்தில் 'பீப்பாய்', ஒருவருக்கு 'கிழக்குத் தெரு', ஒருவருக்கு 'சிங்கப்பூர்'. இந்தப் பையனுக்குச் 'சூடை' என்று எழுதினார். என்றோ ஒரு தாத்தா சூடை மீனை விரும்பித் தின்றிருப்பார், அல்லது சூடை மாதிரி ஒல்லியாக இருந்திருப்பார். மொய்யைத் திருப்பிச் செய்யும்போது அந்தச் சூடையை வைத்துத்தான் வீட்டைத் தேடுவார்கள். உங்கள் வீட்டுக்கும் ஒன்று இருக்கும். கடிதத்தில் அதை ஏன் எழுதவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது.

பட்டியல்களை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அவற்றைப் படிக்கப் பிடிக்கும். சேதுபதி என்று தேடினால் விவேகானந்தர் சிகாகோ போக உதவிய பாஸ்கர சேதுபதி வருவார், நடிகர் விஜய் சேதுபதி வருவார், 2016இல் அவரே நடித்த போலீஸ் அதிகாரி சேதுபதியும் வருவார். அரசர், நடிகர், பாத்திரம் மூவரும் ஒரே பெஞ்சில். ஆனால் ராமேஸ்வரத்தின் மிகப் பிரபலமான ஆளைக் குடும்பப் பெயர்ப் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம்: கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, பிறகு அவர். அவருடைய அப்பா பெயருக்குப் பின்னால் மரைக்காயர் என்ற பட்டம் உண்டு, ஆனால் மகன் பெயரில் அது இல்லை. டெல்லிக்காரர்கள் கலாமைக் குடும்பப் பெயர் மாதிரி வைத்துக்கொண்டார்கள், அவரும் மறுத்ததில்லை.

அப்புறம், உங்கள் மகள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தைக் காலியாக மட்டும் விடாதீர்கள். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்று அமீரகம் சொல்லி, நம் ஆட்கள் எத்தனை பேர் அலைந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். பர்னாந்து என்று போட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து கப்பல் வரை எங்கும் கேள்வி வராது. உங்கள் பெயரைப் போட்டால் அவள் ஏதோ ஒரு பிரிட்டோ ஆவாள், லிஸ்பனில் அது ஒழுங்கான குடும்பப் பெயர். நானாக இருந்தால் பிரிட்டோதான் போடுவேன். தமிழ் வழக்கப்படி அப்பா பெயரும் ஆயிற்று, அந்த ஊர் வழக்கப்படி தலைகீழும் நிமிர்ந்தது. வீட்டில் பெரியவர்கள் பர்னாந்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சண்டை போடாதீர்கள், அதையே போடுங்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. அந்த அதிகாரி சட்டையில் பெயர்ப் பட்டை இருந்திருக்குமே, அவர் பெயர் என்ன? அடுத்த முறை லிஸ்பனில் இறங்கினால் பார்த்து எழுதுங்கள்.