புளி போட்டுத் தேய்த்த பென்னி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே போகும்போதெல்லாம் அருங்காட்சியக வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பென்னியை, அதாவது ஒரு சென்ட் காசை, நசுக்கி நீட்டி உருவம் பதித்து எடுத்துவருவது என் வழக்கம். பாரிஸில் இயந்திரத்தில் காசு போட்டு வாங்கிய நினைவுப் பதக்கங்கள் சிலவும், டோக்கியோ கோபுரத்தில் பேரன் பெயர் பொறித்த ஒன்றும் உண்டு. இந்த மழைக்காலத்தில் பென்னிகளில் வெள்ளைப் புள்ளி கண்டது. சரஸ்வதி பூஜைக்கு விளக்கு தேய்த்தபோது என் மனைவி எல்லாவற்றையும் ராத்திரி முழுக்கப் புளி, உப்பில் ஊறவைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். சிலவற்றில் மட்டும் குழி விழுந்துவிட்டது. இவற்றை வைக்க எந்த ஆல்பம் வாங்கலாம்? விலை மதிப்பு உண்டா? நம் ஊரில் ஏன் இந்த இயந்திரம் இல்லை? ஒரு ரூபாயைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று பேரன் கேட்கிறான்.

ரா.ச., செம்பூர், மும்பை

அன்புள்ள ரா.ச.,

பேரனிடமிருந்து தொடங்குகிறேன். தண்டவாளப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று இன்றே சொல்லிவிடுங்கள். ஹார்பர் லைனில் வண்டி வரும் வேகத்தைச் செம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? தவிர, 2011 நாணயச் சட்டப்படி இந்திய நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் குற்றம்; ஏழாண்டு வரை சிறை. அமெரிக்கச் சட்டம் ஏமாற்றும் நோக்கத்தோடு சிதைத்தால்தான் தண்டிக்கிறது. 1893 சிகாகோ கண்காட்சியில் தொடங்கிய பென்னி நசுக்கல் அங்கே இன்றும் தடையில்லாமல் நடக்கிறது. இங்கே இப்போதைய ஒரு ரூபாயோ துருப்பிடிக்காத எஃகு. செம்பைப் போல் உருளையில் இழுபடாது. இயந்திரக் கேள்விக்கு இது போதும். விலை மதிப்பா? அதை விடுங்கள். விற்பதற்காகச் சேர்ப்பவர்களுக்கு வேறு பொருள் இருக்கிறது.

இனி புளி. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கும் நம் வெறியைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மனைவியைக் குறை சொல்லவில்லை. பித்தளை விளக்குக்குப் புளி பொருத்தமானதுதான். அது கனத்த வார்ப்பு, தாங்கும். ஆனால் 1982க்குப் பிந்தைய சென்ட் செம்பே அல்ல. 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. 19 மில்லிமீட்டர் வட்டத்தை இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே இழுத்து நீட்டும்போது அந்தப் பூச்சு கிழிகிறது. நீளவாக்கில் சாம்பல் கீற்றுகள் தெரிகிறதே, அது அழுக்கில்லை. உள்ளிருந்து எட்டிப்பார்க்கும் துத்தநாகம். ஈரமும் மும்பையின் உப்புக்காற்றும் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். அதில் கரைவது துத்தநாகம். நீங்கள் பார்த்த வெள்ளைப் புள்ளி அதுதான். அதன்மேல் புளியின் அமிலத்தையும் உப்பையும் ஒரு ராத்திரி முழுக்க விட்டது, தோல் உரிந்த இடத்தில் மிளகாய்ப்பொடி தூவின கதை. குழி விழாமல் என்ன செய்யும்?

பளபளவென்று வந்தவை மட்டும் தப்பித்தன என்று நினைக்காதீர்கள். 1982க்கு முந்தைய சென்ட் 95 சதவீதம் செம்பு. அதன் பழுப்பு நிறம் உலோகத்தின் மேல் தானாகப் படிந்த காப்பு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுக்குகளில் உப்பை மிச்சம் விட்டிருக்கிறீர்கள். அடுத்த மழைக்காலத்தில் பச்சை பூக்கும். பாரிஸ் பதக்கத்தில் மேடான பாகங்கள் தேய்ந்திருக்கும். அவை திரும்ப வராது. டோக்கியோ பதக்கத்தில் பேரன் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் குத்திய குழி. புளிச்சாறு போய்த் தங்க அதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஆசையாகச் சேர்த்த மனிதர் நீங்கள். ஒரு தடவை யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?

போனது போகட்டும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, செம்பு சென்ட்டுகளையும் பதக்கங்களையும் ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீரை மாற்றி மூன்று முறை செய்யுங்கள். துத்தநாக சென்ட்டுக்கு ஒரே ஒரு அலசல், ஒரு நிமிடம்தான். பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மின்விசிறிக்கடியில் நன்றாக உலர்ந்தபின் சுத்தமான அசிட்டோனில் ஐந்து நிமிடம் வைத்தால் விரல் பிசுக்கு போகும். நகப்பூச்சு நீக்கி கூடாது. அதில் எண்ணெயும் வாசனையும் இருக்கும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். சமையலறையில் செய்யவே கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும். அதன்பிறகு விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கறை மிச்சமிருந்தால் இருக்கட்டும்.

ஆல்பம் கேட்டிருந்தீர்கள். கொழகொழவென்று வளையும் பக்கங்களை முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டின் வாடை அடித்தால் அது பிவிசி என்ற பிளாஸ்டிக். சில வருடத்தில் நாணயத்தின் மேல் பச்சைப் பிசின் படியும். மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த இரண்டங்குல அட்டை உறைகளை ஃபோர்ட் பகுதி நாணய வியாபாரிகளிடம் கேளுங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்ததும் அதன் முனைகளைத் தட்டையாக நசுக்குங்கள், இல்லையென்றால் பக்கத்து உறையைக் கீறும். பாரிஸ் பதக்கம் 34 மில்லிமீட்டர், அந்த அளவில் வட்டக் கூடு கிடைக்கும். எல்லாவற்றையும் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு போடுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி நீலமாகும். பிளைவுட் அலமாரியில் திறந்து வைக்காதீர்கள், அந்த மரமே அமில ஆவி விடும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, உலோகம் கறுக்கும்.

அமெரிக்கா 2025 நவம்பரில் புழக்கத்துக்கான சென்ட் அடிப்பதை நிறுத்திவிட்டது. அடுத்த முறை மகன் வீட்டுச் சில்லறை டப்பாவில் 1982க்கு முந்தையவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். 1982லேயே இரண்டு வகையும் உண்டு: செம்பு 3.11 கிராம், துத்தநாகம் 2.5. போடுமுன் துடையுங்கள், அழுக்கிருந்தால் அதுவும் உருவத்தோடு நீளும். வேண்டிய உருவத்துக்கு நேராக அம்புக்குறி வந்தபின் காசைப் போட்டு, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் கைப்பிடியைச் சுழற்றுங்கள். பேரன் எதிர்த்திசையில் திருப்பிப் பார்க்க ஆசைப்படுவான், விடாதீர்கள். நாணயம் நடுவில் சிக்கிக்கொண்டால், யாராவது சாவியோடு வரும்வரை பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் உங்களை முறைக்கும்.