ஆன்டெனா மாடியில், ரிசீவர் கீழே: அலைக்கற்றையைக் கண்காணிக்க ஃபைபர் உதவுமா?

கேள்வி: 6 கிகாஹெர்ட்ஸ் வரை அலைக்கற்றையைக் கண்காணிக்க வேண்டும். ரிசீவர் 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. கோஆக்ஸ் (செம்புக் கம்பி ஆன்டெனா கேபிள்) போதுமா?

போதாது. எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிளே 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு சுமார் 22 டெசிபல் தின்றுவிடும். 6 கிகாஹெர்ட்ஸில் இன்னும் மோசம். சிங்கிள் மோடு ஃபைபரில் (ஒரே பாதையில் ஒளி செல்லும் கண்ணாடி இழை) 1310 நானோமீட்டர் ஒளிக்கு இழப்பு கிலோமீட்டருக்கே 0.35 டெசிபல்தான். ரேடியோ சிக்னல் லேசரின் ஒளி அளவை ஏற்றி இறக்கும். மறுமுனையில் ஃபோட்டோடயோடு அதை மீண்டும் மின்சாரமாக்கும்.

கவனிக்க: ஒளியில் 1 டெசிபல் போனால் ரேடியோ சிக்னலில் 2 டெசிபல் போகும். இணைப்பின் இரைச்சல் எண் (இணைப்பு தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) சாதாரணமாகவே 30 டெசிபலைத் தொடும் என்பதால், லேசருக்கு முன் குறைந்த இரைச்சல் பெருக்கி கட்டாயம். ஆனால் பெருக்கத்தைக் கூட்டினால் பக்கத்து எஃப்எம் கோபுரம் லேசரைத் திணறடித்து, இல்லாத சிக்னல்களைத் திரையில் காட்டும். பெருக்கிக்கு முன்னாலேயே 88–108 மெகாஹெர்ட்ஸ் தடுப்பு வடிகட்டி போடுங்கள்.

திரையில் தெரியும் சிக்னல் உண்மையா என்று சந்தேகமா? பெருக்கிக்கு முன் 3 டெசிபல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) செருகுங்கள். உண்மையான சிக்னல் 3 டெசிபல் இறங்கும், மூன்றாம் படிப் போலி (வலுவான சிக்னல்கள் கலந்து உருவாகும் போலி) 9 டெசிபல் இறங்கும்.

ஃபைபர் கனெக்டர் பச்சை நிற ஏபிசியாகவே (முனை சாய்வாகத் தீட்டப்பட்டது) இருக்கட்டும். நீல யுபிசியை (சாய்வில்லாத முனை) அதில் செருகினால் முகங்கள் சரியாகப் பொருந்தாது. எதிரொளிப்பு லேசருக்குத் திரும்பி இரைச்சல் தளம் (எப்போதும் இருக்கும் அடிப்படை இரைச்சல்) எகிறும். பழியோ பெரும்பாலும் ரிசீவர் மேல்தான் விழும்.